கட்டளை வரியில் அம்புக்குறியை விட்டொழிக்க எந்தக் குறுக்குவிசைகளிலிருந்து தொடங்குவது?

இடதுஅம்பு (கேள்வி)

வணக்கம். லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நாளில் பாதிக்கு மேல் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் ஷெல்லுக்கு முன்னால்தான் கழிகிறது. கட்டளைகள் ஓரளவு கைவந்துவிட்டன. ஆனால் அவற்றைத் தட்டும் விதம் முதல் நாள் இருந்தபடியேதான் இருக்கிறது என்பதைச் சென்ற வாரம்தான் உணர்ந்தேன். நீளமான ஒரு கட்டளையின் தொடக்கத்தில், அதை நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கும் 'சூடோ' சேர்க்க வேண்டியிருந்தது. நான் இடது அம்புக்குறியை அழுத்திப் பிடித்தபடி, கர்சர் எழுத்தெழுத்தாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற சக ஊழியர் பொறுமையிழந்து கையை நீட்டி, கண்ட்ரோல் விசையோடு ஏ எழுத்தைச் சேர்த்து அழுத்தினார். கர்சர் ஒரே தாவலில் வரியின் தொடக்கத்துக்குப் போய்விட்டது.

அன்று மாலையே நாற்பது குறுக்குவிசைகள் கொண்ட ஒரு பட்டியலை அச்சிட்டு மேசைக்கு மேலே ஒட்டினேன். ஒரு வாரம் ஆகியும் அந்த முதல் விசையைத் தவிர வேறெதுவும் மனத்தில் நிற்கவில்லை. பட்டியலைப் பார்த்துத் தேடும் நேரத்தில் அம்புக்குறியாலேயே வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றுவதால், கை பழைய இடத்துக்கே போய்விடுகிறது.

இதற்கிடையே இரண்டு விபத்துகளும் நடந்துவிட்டன. பழக்க தோஷத்தில் சேமிப்பதற்காகக் கண்ட்ரோல் + எஸ் அழுத்தியதும் டெர்மினல் அப்படியே உறைந்துபோனது. எதைத் தட்டினாலும் திரையில் வராததால் சன்னலையே மூடிவிட்டேன், ஓடிக்கொண்டிருந்த வேலையும் அதோடு போயிற்று. மற்றொரு நாள், உலாவிக்குள் திறக்கும் டெர்மினல் ஒன்றில் ஒரு சொல்லை அழிக்கலாம் என்று கண்ட்ரோல் + டபிள்யூ அழுத்தினேன். சொல் அழியவில்லை, உலாவியின் தாவலே மூடிக்கொண்டது.

உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும் விசைகள் எவை, அவற்றை எந்த வரிசையில் பழகுவது, மேலே சொன்ன இரண்டு தொல்லைகளுக்கும் என்ன காரணம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கருந்திரை

முதலில் அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நாற்பது விசைகளையும் ஒரே தகுதியில் வைத்துக் காட்டுவதுதான் அதன் குறை. அவற்றில் ஏழெட்டை மட்டுமே நாள்தோறும் பயன்படுத்துவோம், மீதியில் பாதியை நானே பத்தாண்டுகளில் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. எந்த விசையைக் கற்பது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் கை எந்த வேலைக்காக அம்புக்குறியையும் பேக்ஸ்பேஸையும் தேடிப் போகிறது என்பதை ஒரு நாள் கவனியுங்கள். பெரும்பாலும் மூன்று வேலைகள்தான் இருக்கும்: வரியின் ஓரங்களுக்குப் போவது, தவறாகத் தட்டியதை அழிப்பது, முன்பு தட்டியதை மறுபடி கொண்டுவருவது.

ஓரங்களுக்குப் போவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ட்ரோல் + ஏ தொடக்கத்துக்கும், கண்ட்ரோல் + இ முடிவுக்கும் கொண்டுபோகும். ஆல்ட் + பி ஒரு சொல் பின்னாலும், ஆல்ட் + எஃப் ஒரு சொல் முன்னாலும் நகர்த்தும்.

அழிப்பதில்தான் விஷயமே இருக்கிறது, ஏனென்றால் இங்கே அழிப்பது என்பது உண்மையில் வெட்டி எடுத்து வைப்பது. கண்ட்ரோல் + யூ கர்சருக்கு இடப்பக்கம் உள்ள அனைத்தையும், கண்ட்ரோல் + கே வலப்பக்கம் உள்ள அனைத்தையும், கண்ட்ரோல் + டபிள்யூ இடப்பக்கத்து ஒரு சொல்லை மட்டும் வெட்டும். வெட்டியது தொலைந்துபோவதில்லை, கண்ட்ரோல் + ஒய் அழுத்தினால் கர்சர் இருக்கும் இடத்தில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கும் முன்னால் வெட்டியது வேண்டுமென்றால், கண்ட்ரோல் + ஒய் அழுத்திய கையோடு ஆல்ட் + ஒய் அழுத்தலாம்.

இதன் பயன் எங்கே தெரியும் என்று ஒரு காட்சியாகவே சொல்கிறேன். ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை நகலெடுக்க, விலக்க வேண்டிய கோப்புறைகளையெல்லாம் குறிப்பிட்டு, ஒன்றரை வரி நீளத்துக்கு ஓர் ஆர்சிங்க் கட்டளையைத் தட்டி முடித்துவிட்டேன். எண்டரில் விரல் வைக்கும்போதுதான், போய்ச் சேர வேண்டிய கோப்புறையை இன்னும் உருவாக்கவே இல்லை என்பது நினைவுக்கு வருகிறது. முன்பெல்லாம் அந்த வரியைச் சுட்டியால் நகலெடுத்து ஓர் உரைத் திருத்தியில் ஒட்டி வைப்பேன், அல்லது கண்ட்ரோல் + சி அழுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தட்டுவேன். இப்போது கண்ட்ரோல் + யூ, வரி காலியாகிறது. எம்கேடிர் கட்டளையைத் தட்டி எண்டர், கோப்புறை தயார். பிறகு கண்ட்ரோல் + ஒய். ஆர்சிங்க் வரி ஓர் எழுத்தும் குறையாமல் அதே இடத்தில் வந்து நிற்கிறது. இதை ஒருமுறை செய்து பார்த்தவருக்கு மறுபடி நினைவூட்ட வேண்டியிருக்காது.

கண்ட்ரோல் + டபிள்யூவுக்கு ஒரு தம்பி உண்டு: ஆல்ட் + பேக்ஸ்பேஸ். முன்னது இடைவெளி வரும்வரை வெட்டும்; பின்னது எழுத்தும் எண்ணும் அல்லாத எந்தக் குறியிலும் நின்றுவிடும். '/வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக்' என்ற பாதையின் முடிவில் கர்சர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் + டபிள்யூ பாதை முழுவதையும் வாரிக்கொண்டு போய்விடும். ஆல்ட் + பேக்ஸ்பேஸ் முதல் அழுத்தலில் கடைசி 'லாக்'கை மட்டும் எடுக்கும். இரண்டாவது அழுத்தலில் 'எரர்.' போய், கோப்புறையின் சாய்கோட்டில் கர்சர் நிற்கும். அங்கிருந்து வேறு கோப்பின் பெயரைத் தட்ட வேண்டியதுதான். உலாவித் தாவல் மூடிக்கொள்ளும் உங்கள் இரண்டாவது தொல்லைக்கும் இதுவே மருந்து. கண்ட்ரோல் + டபிள்யூவை உலாவியே முதலில் பிடித்துக்கொள்வதால் அது ஷெல்லுக்குப் போய்ச் சேர்வதே இல்லை. ஆல்ட் + பேக்ஸ்பேஸுக்குப் பொதுவாக அந்தச் சிக்கல் கிடையாது.

மூன்றாவது வேலைக்கு, எனக்கு மிகப் பிடித்தது ஆல்ட் + புள்ளி. முந்தைய கட்டளையின் கடைசிச் சொல்லை அது அப்படியே எடுத்துவந்து போடும். நீளமான பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கியதும், அதற்குள் போக 'சிடி' என்று தட்டி, இடைவெளி விட்டு, ஆல்ட் + புள்ளி, எண்டர், அவ்வளவுதான். தொடர்ந்து அழுத்தினால் அதற்கு முந்தைய, அதற்கும் முந்தைய கட்டளைகளின் கடைசிச் சொற்களாக மாறிக்கொண்டே போகும். கண்ட்ரோல் + ஆர் பற்றி யாராவது கட்டாயம் எழுதுவார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பழகும் வரிசையைப் பொறுத்தவரை, வாரத்துக்கு இரண்டு போதும். முதல் வாரம் கண்ட்ரோல் + யூவும் கண்ட்ரோல் + ஒய்யும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் செய்து முடித்த பிறகு விசை நினைவுக்கு வந்தால், செய்ததை அழித்துவிட்டுப் புதிய முறையில் ஒருமுறை செய்யுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும்; ஆனால் சுவரில் ஒட்டிய தாள் செய்யாததை அந்த எரிச்சல் செய்யும்.

இரட்டைச்சாய்கோடு

கருந்திரை சொன்னவை பாஷ் ஷெல்லுக்குச் சரி. இசட்ஷெல் என்ற மற்றொரு ஷெல்லைப் பயன்படுத்துபவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டால் குழம்புவார்கள் என்பதால் ஒரு திருத்தம். 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக் கணினிகளில் இயல்பாக அமைவது இசட்ஷெல்தான். அதில் கண்ட்ரோல் + யூ இடப்பக்கத்தை மட்டுமல்ல, கர்சர் நடுவில் இருந்தாலும் வரி முழுவதையும் வெட்டிவிடும். கண்ட்ரோல் + டபிள்யூவுக்கும் ஆல்ட் + பேக்ஸ்பேஸுக்கும் அங்கே இயல்பு நிலையில் வேறுபாடு இல்லை; இரண்டுமே சாய்கோட்டையும் சொல்லின் பகுதியாகவே எண்ணி முழுப் பாதையையும் விழுங்கிவிடும். 'வேர்டுசார்ஸ்' என்ற மாறியிலிருந்து சாய்கோட்டை நீக்கினால் அது சாய்கோட்டில் நிற்கத் தொடங்கும்.

ஆர்சிங்க் கதைக்கு இசட்ஷெல்லில் இன்னும் நேர்த்தியான வழி இருக்கிறது. பாதி தட்டிய வரியில் ஆல்ட் + க்யூ அழுத்தினால் அந்த வரி ஒதுக்கி வைக்கப்படும். இடையில் வேண்டிய கட்டளையை இயக்கியதும் ஒதுக்கியது தானாகவே திரும்பி வந்து நிற்கும், ஒட்டக்கூட வேண்டியதில்லை.

மேக்கில் ஆல்ட் விசைகள் எதுவும் வேலை செய்யாமல் விநோதமான குறிகள் விழுகின்றன என்று பலரும் குழம்புவதுண்டு. டெர்மினல் செயலியின் அமைப்புகளில் ஆப்ஷன் விசையை மெட்டா விசையாக, அதாவது ஆல்ட்டாக, பயன்படுத்தச் சொல்லும் பெட்டியைத் தேர்வு செய்துவிட்டால் அது தீரும். அமைப்பை மாற்ற முடியாத கணினியில் எஸ்கேப்பை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த எழுத்தைத் தட்டினாலும் ஆல்ட் பிடித்து அழுத்தியதற்குச் சமமே.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இசட்ஷெல் தொடங்கும்போது 'எடிட்டர்' அல்லது 'விஷுவல்' என்ற சூழல் மாறியின் மதிப்பில் 'விஐ' என்ற எழுத்துகள் இருந்தால், அது யாரையும் கேட்காமல் விஐ முறைக்கு, அதாவது விஐ என்ற உரைத் திருத்தியின் விசைகளுக்கு, மாறிவிடும். நேற்றுவரை வேலை செய்த கண்ட்ரோல் + ஏ இன்று செய்யவில்லையே என்று அரை நாள் தேடியிருக்கிறேன். முதல் நாள் இரவு திருத்தியாக, விஐயின் வழிவந்த விம்மை அமைத்ததுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

பதினேழு

டெர்மினல் உறைந்ததன் காரணத்தை நான் சொல்கிறேன். என் பெயரே அதிலிருந்து எடுத்ததுதான். உங்கள் டெர்மினல் பழுதாகவில்லை, சொன்னபடி கேட்டது. கண்ட்ரோல் + எஸ் என்பது 'அனுப்புவதை நிறுத்து' என்ற குறி. கண்ட்ரோல் + க்யூ 'மறுபடி அனுப்பு' என்ற குறி. வெளியீட்டைத் தாளில் தட்டச்சிட்ட டெலிடைப் இயந்திரங்களின் காலத்தில், வரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதபோது எதிர்முனையை நிறுத்தி வைக்க இந்தக் குறிகள் தேவைப்பட்டன. தாள் போய்த் திரை வந்த பிறகும் அந்த வழக்கம் இயங்குதளத்தின் டெர்மினல் பகுதியில் அப்படியே தங்கிவிட்டது. அடுத்த முறை சன்னலை மூடாமல் கண்ட்ரோல் + க்யூ அழுத்துங்கள். எதுவுமே நடக்காததுபோல் தொடரும்.

ஓர் எச்சரிக்கை: உறைவது வெளியீடு மட்டுமே. நீங்கள் தட்டுவது திரையில் தெரியாவிட்டாலும் ஷெல்லுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆத்திரத்தில் எதையாவது தட்டி எண்டரும் அழுத்தினால், அது கண்ணுக்குத் தெரியாமலேயே இயங்கிவிடக்கூடும்.

இந்த வசதி வேண்டாம் என்றால், டெர்மினல் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையைத் தட்டி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியை ஒட்டி ஐ, எக்ஸ், ஓ, என் என்ற நான்கு சிறிய எழுத்துகளைக் கொடுங்கள். இதை பாஷ் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்துவிட்டால் தொல்லை நிரந்தரமாகத் தீரும். ஓர் உபரி லாபமும் உண்டு: கட்டளை வரலாற்றில் முன்னோக்கித் தேடுவதற்கு கண்ட்ரோல் + எஸ்ஸைத்தான் பாஷ் ஒதுக்கி வைத்திருக்கிறது, டெர்மினல் வழிமறித்துக்கொள்வதால்தான் அது நம் கைக்கு எட்டாமல் இருந்தது.

கண்ட்ரோல் விசை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால் பல மர்மங்கள் விலகும். ஆஸ்கி குறியீட்டில் பெரிய ஏ எழுத்தின் எண் 65. கண்ட்ரோல் அதிலிருந்து 64ஐக் கழித்து, 1 என்ற எண்ணை அனுப்புகிறது. எஸ் 83, ஆகவே கண்ட்ரோல் + எஸ் 19. க்யூ 81, ஆகவே 17. இதே கணக்கில் கண்ட்ரோல் + ஐ 9 ஆகிறது, அதுதான் டேப். கண்ட்ரோல் + எம் 13, அதுதான் எண்டர். இடது சதுர அடைப்புக்குறியோடு கண்ட்ரோல் சேர்ந்தால் 27, அதுதான் எஸ்கேப். வழக்கமான டெர்மினலில் கண்ட்ரோல் + ஐ விசைக்குத் தனியாக ஒரு வேலை கொடுக்க முடியாமல் போவதற்குக் காரணமும் இதுவே. அதையும் டேப்பையும் ஷெல்லால் பிரித்தறிய முடியாது.

எந்த விசையை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. கண்ட்ரோல் + சி, இசட், எஸ், க்யூ ஆகியவை டெர்மினல் பகுதிக்குச் சொந்தம். ஏ, இ, கே, ஒய், ஆர் போன்றவை பாஷ் பயன்படுத்தும் ரீட்லைன் என்ற நூலகத்துக்குச் சொந்தம். யூவும் டபிள்யூவும் இரண்டு பக்கமும் உண்டு. கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தவறாகத் தட்டிவிட்டோம் என்ற ஐயம் வந்தால், எத்தனை எழுத்து என்று தெரியாமல் பேக்ஸ்பேஸை அழுத்திக்கொண்டிருக்காமல் கண்ட்ரோல் + யூ ஒருமுறை அழுத்திவிட்டு முதலிலிருந்து தட்டலாம். அங்கே ரீட்லைன் இல்லாவிட்டாலும் அது வேலை செய்வது இதனால்தான். மறுபுறம், ரீட்லைனையோ அதை ஒத்த நூலகத்தையோ பயன்படுத்தும் பிற நிரல்களிலும், உதாரணமாக பைத்தானின் ஊடாட்ட வரி, போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்க்யூஎல், ஜிடிபி போன்றவற்றிலும், நீங்கள் பாஷில் பழகிய பெரும்பாலான விசைகள் அப்படியே செல்லும்.

பின்தேடல்

கருந்திரை எனக்காக விட்டுவைத்த கண்ட்ரோல் + ஆர் இதோ. அதை அழுத்திவிட்டுப் பழைய கட்டளையின் ஏதாவது ஒரு துண்டைத் தட்டினால், அந்தத் துண்டு இடம்பெற்ற அண்மைக் கட்டளை வரும். மறுபடி கண்ட்ரோல் + ஆர் அழுத்தினால் அதற்கு முந்தையது. மேல் அம்புக்குறியை முப்பது முறை தட்டுவதை இது ஒழிக்கும்.

ஆனால் இதைப் புகழ்ந்து எழுதுபவர்கள் ஒரு செய்தியை விழுங்கிவிடுகிறார்கள்: தேடலில் வந்து நிற்கும் வரி, எண்டர் அழுத்திய அந்த நொடியே இயங்கிவிடும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், சோதனைச் சர்வரின் பதிவுகளைத் துடைக்கும் கட்டளையைத் தேடினேன். 'லாக்ஸ்' என்று தட்டியதும் வந்த வரியின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு எண்டர் அழுத்தினேன். வரியின் கடைசியில் இருந்தது பயனர்கள் பயன்படுத்தும் சர்வரின் பெயர். மூன்று நாள் பதிவுகள் போயின. தவறு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து, தேடி எடுத்த வரியில் எண்டருக்கு முன்னால் கண்ட்ரோல் + இ அழுத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அது தேடலிலிருந்து வெளியேறி, வரியைத் திருத்தக்கூடிய நிலையில் நிறுத்தி, கர்சரை முடிவுக்குக் கொண்டுபோகும். கண்ணும் வரியின் கடைசிவரை போய்விடும். தேடலே வேண்டாம் என்றால் கண்ட்ரோல் + ஜி, தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும்.

ஆபத்தான கட்டளைகள் வரலாற்றில் பதியாமலே இருக்கவும் வழி உண்டு. 'ஹிஸ்ட்கண்ட்ரோல்' மாறியில் 'இக்னோர்ஸ்பேஸ்' என்று கொடுத்துவிட்டால், இடைவெளியில் தொடங்கும் வரியை பாஷ் சேமிக்காது. உபுண்டு போன்றவற்றின் இயல்பான தொடக்கக் கோப்பிலேயே இதையும் உள்ளடக்கிய 'இக்னோர்போத்' இருக்கும். கூடவே 'ஹிஸ்ட்சைஸ்' மாறியையும் பாருங்கள். யாரும் மாற்றாவிட்டால் பாஷ் நினைவில் வைப்பது 500 கட்டளைகளை மட்டுமே, கண்ட்ரோல் + ஆரை நம்பியிருப்பவருக்கு அது போதாது.

கண்ட்ரோல் + ஆர் கைக்கு ஒத்துவராதவர்களுக்கு, நான் அதைவிட அதிகமாகப் பயன்படுத்துவதையும் சொல்லிவிடுகிறேன். முகப்புக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் இன்புட்ஆர்சி கோப்பில், மேல் அம்புக்குறியை 'ஹிஸ்டரி-சர்ச்-பேக்வேர்டு' என்ற செயலோடு பிணைத்துவிடுங்கள். பிறகு 'எஸ்எஸ்எச்' என்று தட்டி மேல் அம்புக்குறியை அழுத்தினால், அந்த எழுத்துகளில் தொடங்கும் பழைய வரிகள் மட்டுமே வரும்.

இயல்புமுறை

இங்கே யாரும் விஐ முறையை ஒரு தேர்வாகப் பரிந்துரைக்கவில்லை என்பது வியப்பாக இருக்கிறது. விம் திருத்தியில் கை ஊறியவர்கள் 'செட் -ஓ விஐ' கொடுத்துவிட்டால், எஸ்கேப் அழுத்தியதும் அங்கே பழகிய அசைவுகள் பெரும்பாலும் இங்கேயும் கிடைக்கும்; கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு சுண்டுவிரலை முறுக்க வேண்டியதில்லை. ஆனால் விம் தெரியாதவர் இதற்காகவே அதைக் கற்பது வீண் வேலை என்பேன். மேலும், புதிதாக நுழையும் ஒவ்வொரு சர்வரிலும் இயல்பாக இருப்பது, இங்கே மற்றவர்கள் சொன்ன விசைகளைக் கொண்ட ஈமேக்ஸ் முறைதான். பல சர்வர்களில் மாறி மாறி வேலை செய்யும் உங்களுக்கு அதுவே ஒத்துவரும். விம் மீது மோகம் இருந்தால், கண்ட்ரோல் + எக்ஸ், உடனே கண்ட்ரோல் + இ அழுத்துங்கள். தட்டிக்கொண்டிருக்கும் வரி உங்கள் திருத்தியில் திறக்கும். சேமித்து வெளியேறியதும் பாஷ் அதை நேரடியாக இயக்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம்; மனம் மாறினால், உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துச் சேமித்துவிட்டு வெளியேறுங்கள்.

இடதுஅம்பு

அனைவருக்கும் நன்றி. பத்து நாள்கள் கழித்து எழுதுகிறேன். தாளை எடுத்துவிட்டேன். கண்ட்ரோல் + யூவும் ஒய்யும் மூன்றாம் நாளே கைக்கு வந்துவிட்டன; ஆல்ட் + புள்ளியை எதிர்பார்த்ததைவிட அதிகமாகப் பயன்படுத்துகிறேன். உலாவி டெர்மினலில் ஆல்ட் + பேக்ஸ்பேஸ் ஒழுங்காக வேலை செய்கிறது, ஆனாலும் இந்த வாரமும் ஒருமுறை தாவலை மூடிவிட்டேன். கண்ட்ரோல் + எஸ் ஒருமுறை தவறி அழுத்தப்பட்டபோது, பதற்றமில்லாமல் கண்ட்ரோல் + க்யூ அழுத்திய பெருமை எனக்கு உண்டு.

மிஞ்சியிருப்பது ஒன்றுதான். ஒரே டெர்மினலில் பல ஷெல்களை நடத்த உதவும் டீமக்ஸுக்குள் இருக்கும்போது கண்ட்ரோல் + ஏ அழுத்தினால் கர்சர் அசைவதே இல்லை. எங்கள் குழுவின் பொது அமைப்புக் கோப்பில் டீமக்ஸின் கட்டளைகளுக்கு முன்னால் அழுத்த வேண்டிய முன்னொட்டு விசையைக் கண்ட்ரோல் + ஏ என்று மாற்றியிருக்கிறார்கள். அதை நான் திருத்த முடியாது.

கருந்திரை

அந்த அமைப்புக் கோப்பில் 'செண்ட்-ப்ரிஃபிக்ஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கண்ட்ரோல் + ஏ அதோடு பிணைக்கப்பட்டிருந்தால், கண்ட்ரோல் + ஏவை இரண்டு முறை அழுத்துங்கள். முதலாவதை டீமக்ஸ் எடுத்துக்கொள்ளும், இரண்டாவதை ஷெல்லுக்கு அனுப்பிவிடும். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால், ஹோம் விசை பெரும்பாலான டெர்மினல்களில் அதே வேலையைச் செய்யும்.